இவுகளுக்கு போர்மேன் கிடையாதா?

தீபாவளிக்குப் படம் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்தத் தீபாவளியையே வருஷம் பூராவும் கையால் செய்து, டப்பாவில் அடைத்து, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கிற ஒரே ஒரு நாளில் 'சரி, நாமளும் ஒரு படம் பார்ப்போமே' என்று கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில்தான் உண்டு. ஆகவே, ஒரு படம் சரியில்லை என்று நாங்கள் சொன்னால் நீங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரசனை, விமர்சனம், மண்ணாங்கட்டி எதுவும் இல்லை சார். வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் போச்சே என்கிற வயிற்றெரிச்சல்.

எனக்கு வீடு விருதுநகர். வேலை சிவகாசியில், ஓர் அச்சகத்தில் பில் போடுவது. நடுவில் ஆமத்தூர், திருத்தங்கல், பஸ்ஸில் ஒற்றைக்கால் தவம்.

சிவகாசி என்றால் உங்களுக்குப் பட்டாசு. எனக்கு போஸ்டர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பட்டாசு. இரண்டுக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகம். அச்சகம் வந்தால் சும்மா இருக்குமா? காலண்டர், அதன்பின் சினிமா போஸ்டர். அந்தக் காலத்து ஒற்றைக் கலர் மிஷினில் ஒரு போஸ்டர் நாலு தடவை உள்ளே போய் வரும். முதலில் மஞ்சள். ஹீரோவுக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கும். அடுத்து மெஜந்தா. காமாலையோடு அம்மையும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது சயான். கடைசியில் கருப்பு விழும் பாருங்கள், மீசை, புருவம், முறைப்பு எல்லாம் ஒரே நொடியில் உயிர் பிடித்து எழும்.

அந்தக் கருப்பு விழுந்த நொடியில் என் மனசுக்குள் படம் ரிலீஸ் ஆகிவிடும். கதை, சண்டை, கிளைமாக்ஸ், நூறாவது நாள் கேடயம் வரை நானே முடித்துவிடுவேன். அதற்கப்புறம் நிஜப் படம் வந்தால் அது எப்படி ஜெயிக்கும்? ஆகவே ஏமாற்றத்தில் பாதிப் பழி என்மேல்தான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

மற்ற ஊர்களில் படம் ஓடவில்லை என்றால் 'ஃப்ளாப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் தரம் பிரிப்போம். முதல் ரகம், 'திரி மட்டும் எரிஞ்சது'. இடைவேளை வரைக்கும் சுறுசுறுவென்று போகும், நாம் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம், அவ்வளவுதான். இரண்டாவது, 'லேபிளு நல்லாருக்கு'. விளக்கம் தேவையில்லை. மூன்றாவது, 'நமத்துப்போச்சு'. இதற்கு மட்டும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. வெயிலில் காயப்போட்டால் பின்னால் வெடித்தாலும் வெடிக்கும்.

நமத்த ரகத்துக்கு உதாரணம் 1991 தீபாவளி. நவம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் 'தளபதி', 'குணா' இரண்டும். எங்கள் அச்சகத்துக் கட்டிங் மிஷின் அண்ணாச்சி ரஜினி கட்சி. நான் கமல் கட்சி. அண்ணாச்சி 'தளபதி' பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வந்தார். நான் 'குணா' பார்த்துவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். "என்ன, நமத்துப்போச்சா?" என்றார். "உங்களுக்கெல்லாம் புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்று ஒரு மலையாளப் படம். அதே கொடைக்கானல் குகை, அதே பாட்டு. தியேட்டரில் சின்னப் பையன்கள், 1991-ல் பிறந்தே இருக்காதவர்கள், எழுந்து நின்று கத்துகிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரிட்டயராகி வீட்டில் இருக்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "வெடிச்சிருச்சு அண்ணாச்சி!" அவர் நிதானமாகச் சொன்னார்: "32 வருஷ வெயிலுல்ல. அதுவும் நம்மூரு வெயிலு."

*

எல்லாப் படமும் காய்ந்து வெடிப்பதில்லை.

2002 ஆகஸ்ட் 15, 'பாபா'. 'அண்ணாமலை', 'வீரா', 'பாட்ஷா' கொடுத்த அதே ரஜினி, அதே சுரேஷ் கிருஷ்ணா. ஏழு மந்திரம் கையில் இருக்கிறது, கேட்டது கிடைக்கும். அண்ணாச்சி முதல் மந்திரத்துக்கு விசில், இரண்டாவதுக்குக் கைதட்டல், மூன்றாவதுக்குக் கொட்டாவி. வெளியே வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை. விருதுநகர் பஸ் ஏறி, நேராக எண்ணெய்ப் புரோட்டாக் கடைக்குப் போய், மொறுமொறுவென்று பொரித்ததில் நாலு, சால்னாவை முங்க முங்க ஊற்றிச் சாப்பிட்ட பிறகுதான் வாய் திறந்தார். "இது மட்டுந்தாண்டா ஏமாத்தாது."

அந்தப் படத்தில் நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய மனசு, மறுப்பதற்கில்லை. 2014 டிசம்பரில் 'லிங்கா' வந்தபோதும் விநியோகஸ்தர்கள் நஷ்டம் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள், அப்புறம் பேசி ஒரு தொகை தீர்வானது. ஆக, படத்தை வாங்கினவருக்கு ஒரு வழி இருக்கிறது. டிக்கெட் வாங்கினவன் எந்தப் பந்தலில் போய் உட்காருவது?

2005 தீபாவளிக்கு 'சிவகாசி' என்றே படம் வந்தது. எங்கள் ஊர் எப்படித் துள்ளியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போய்ப் பார்த்தால், சிவகாசி என்பது விஜய்யின் பெயர்! படம் நன்றாக ஓடியது, வாஸ்தவம். ஆனால் ஒரு கட்டு ஊசிப்பட்டாசாவது காட்டியிருக்கலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, அடுத்த வருஷம் டிசம்பரில் எங்கள் விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 'வெயில்' எடுத்தார். எங்கள் தெரு, எங்கள் புழுதி, எங்கள் அப்பாக்கள். தேசிய விருதும் வாங்கியது. அதிலும் ஒரு கூத்து என்னவென்றால், படத்தில் பசுபதியின் வாழ்க்கை கெட்டுப்போவதே சினிமாப் பைத்தியத்தால்தான். பார்த்துவிட்டு என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த கேமராமேனும் எடுக்க முடியாது.

'இந்தியன்' 1996-ல் வந்தது. 28 வருஷம் காத்திருந்து 2024 ஜூலையில் 'இந்தியன் 2'. தாத்தா வர்மக்கலையில் யாரையோ குத்திக்கொண்டே இருக்கிறார். பக்கத்து சீட்டுப் பையன் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதே வருஷம் நவம்பர் 14-ல் 'கங்குவா'. சத்தம் தாங்கவில்லை என்று ஜனங்கள் புகார் செய்ய, தியேட்டர்களில் ஒலியை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லிவிட்டோம் என்று தயாரிப்பாளரே சொல்ல வேண்டியதாயிற்று. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டாசுக்குச் சட்டம் இருக்கிறது சார். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் வெடி வெளியே போகாது. படத்துக்கு யார் 4 மீட்டர் தள்ளி நின்று அளப்பது?

*

இந்தக் கேள்வியை என்னைவிட நன்றாகக் கேட்டவர் ஒருவர் உண்டு. எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டுப் பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை, காம்பவுண்டுக்கே பெரியம்மா. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. விடிகாலையில் கம்பெனி வேன் வரும், ஏறிப்போனால் பொழுது சாயத் திரும்புவார். இத்தனை சரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கைவிரல் ரேகைக்குள் அலுமினியப் பவுடர் ஏறி எப்போதும் வெள்ளியாக மினுங்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

2001 தீபாவளி. 'ஆளவந்தான்' ரிலீஸ். "கமல் ரெண்டு வேஷமாம்ல?" என்று கேட்டார். பெரியம்மா 1989-ல் பார்த்த 'அபூர்வ சகோதரர்கள்' நினைப்பில் இருக்கிறார். ரெண்டு கமல் என்றால் ரெண்டு மடங்கு சிரிப்பு என்று கணக்கு. எனக்கு போனஸ் வந்த ஜோர். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மொட்டைத் தலைக் கமல் சங்கிலியோடு வந்து உட்கார்ந்ததும் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ரத்தம், கார்ட்டூன், மறுபடி ரத்தம். இப்போது அந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மறுபடி ரிலீஸ்கூட ஆனது. இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு எங்கள் வரிசையில் பெரியம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் பாதிப் படத்தைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்:

"ஏய்யா, நாங்க ஒரு சரம் பின்னுனா, நடுவுல ஒரு வெடி நமத்திருந்தாலும் போர்மேன் கூப்ட்டு வைவாரு. சரத்தப் பிரிச்சிப் போட்ருவாரு, கூலியும் கிடையாது. இவுகளுக்கு போர்மேன் கிடையாதா?"

கண்டக்டர் உட்பட யாருக்கும் பதில் தெரியவில்லை.

*

அதே பெரியம்மா ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த சமாச்சாரம் ஒன்று உண்டு. அதற்கு நாம் நாலு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1997. எங்கள் காம்பவுண்டில் கேபிள் இருந்த ஒரே வீடு என் வீடு. சன் டி.வி.யில் 'மர்மதேசம்', அதில் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. போஸ்டர் கிடையாது, கட்அவுட் கிடையாது. யாருக்கும் யாரையும் தெரியாது. பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்த சேத்தன், தேவதர்ஷினி எல்லாம் அப்போது புது முகம். நான் லேபிள் பார்க்காமல் உட்கார்ந்த ஒரே சமாச்சாரம் அதுதான். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி என் வீட்டு ஹால் தியேட்டராகும். முதல் வரிசை குழந்தைகள், இரண்டாவது பெண்கள், வாசலில் செருப்போடு நிற்கிற ஆம்பளைகள். 'நான் சீரியல் எல்லாம் பார்க்கிறதில்லை, சும்மா காத்தாட நிக்கேன்' என்பார்கள். முடியும் வரை காத்தாடுவார்கள்.

கதை இதுதான். ஒரு கிராமம். தப்பு செய்கிறவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போகிறார்கள். கொல்வது காவல் தெய்வம் கருப்பசாமி என்று ஊர் நம்புகிறது. சாமியா, ஆளா? ராத்திரியில் குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

எங்கள் ஜில்லாவில் பாதிப் பேருக்குக் கருப்பசாமி குலதெய்வம். அவரே டி.வி.யில் குதிரை ஏறி வந்தால்? பெரியம்மா குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் வந்து உட்காருவார். முடிந்ததும் பயல்கள் ஒருவனும் தனியாகக் கொல்லைப்பக்கம் போக மாட்டான். நாலு பேர் சேர்ந்து கோஷ்டியாகப் போவார்கள். நான் ஐந்தாவது.

மறுநாள் பஸ்ஸில், அச்சகத்தில், டீக்கடையில் ஒரே ஆராய்ச்சி. 'அவன்தாண்டா', 'இவன்தாண்டா', 'சாமிதாண்டா' என்று மூன்று கட்சி. அண்ணாச்சி சாமிக் கட்சி. கடைசியில், ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் இருந்தான் என்று விடை வந்தது. அதனால்தான் 2005-ல் 'அந்நியன்' வந்தபோது தமிழ்நாடே வாயைப் பிளந்ததே, எங்கள் காம்பவுண்டில் யாரும் பிளக்கவில்லை. "இது நம்ம கருப்பு கதைல்ல" என்று முறுக்கு தின்றுகொண்டே பார்த்தார்கள்.

*

இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

சினிமாவில் குண்டு வெடித்தால் எங்கள் ஊர் தியேட்டரில் பயம் வராது. ஆராய்ச்சிதான் வரும். "மருந்து இல்லடா, பெட்ரோலு. பாரு, கரும்புகை" என்று பின்சீட்டிலிருந்து குரல் கேட்கும். பச்சை வந்தால் பேரியம், சிவப்பு வந்தால் ஸ்ட்ரான்சியம், வெள்ளி வந்தால் அலுமினியம். எங்கள் பயல்களுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். அந்த 1997-ல் ஒரு நாள், அச்சகத்தில் கரண்ட் இல்லை, நாங்கள் நாலைந்து பேர் மாட்டினி போயிருந்தோம். என்ன படம் என்பது இப்போது முக்கியமில்லை. திரையில் வரிசையாகக் கார்கள் எரிந்துகொண்டிருந்தன. எவனும் அசையவில்லை.

அப்போது வெளியே தூரத்தில் ஒரே ஒரு சத்தம். 'டொம்'. அவ்வளவுதான். காதில் கேட்டதைவிட நாற்காலியில் உணர்ந்தது அதிகம்.

தியேட்டர் மொத்தமும் எழுந்தது. யாரும் கத்தவில்லை. யாரும் முண்டியடிக்கவில்லை. வெளியே வந்து எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். புகை எந்தப் பக்கம்? எந்த ரோட்டுப் பக்கம்? அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது? உள்ளே, பார்க்க ஆளில்லாத திரையில் கார்கள் வெடித்துக்கொண்டே இருந்தன.

செல்போன் இல்லாத காலம். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் வந்து, காம்பவுண்டு வாசலில் எல்லோரோடும் நின்றேன். பொழுது சாய்ந்து வேன் வந்தது. பெரியம்மா இறங்கினார். சத்தம் வேறு கம்பெனியில். அங்கே போனவர்களில் ஒருத்தி, முன்பு பெரியம்மாவோடு பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னியவள்.

அன்று ராத்திரி 'விடாது கருப்பு'. இன்றைக்கு வேண்டாம் என்று நான் டி.வி.யைப் போடவில்லை. பெரியம்மா குளித்து, திருநீறு பூசி வந்து உட்கார்ந்து, "போடுய்யா" என்றார். போட்டேன். குளம்புச் சத்தம் வந்தது. குழந்தைகள்கூடப் பேசவில்லை. விளம்பர இடைவேளையில் அவர் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார்:

"கருப்பன் தப்பு செஞ்சவனத்தாம்யா கொல்றான். நெருப்பு அப்பிடிப் பாக்காதே."

இதற்கப்புறம் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஒரு கொலைக்காரக் கதையைப் பெரியம்மா ஏன் நாள் தவறாமல் பார்த்தார் என்று. அந்தக் கிராமத்தில் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது. கேள்வி போட்டால் விடை வந்தது. ஆரம்பித்ததை முடித்தார்கள். ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு, காத்திருந்ததற்கு உரியது கிடைத்தது. பின்னிய சரத்தில் ஒரு வெடி நமக்கவில்லை.

நாம் படத்திடம் கேட்பதும் அவ்வளவுதானே? 'உலகத் தரம்' வேண்டாம், கோடிக்கணக்கில் செட்டு வேண்டாம். வருஷத்துக்கு ஒரு நாளைக் கொடுக்கிறோம், அதற்கு நியாயமாக ஏதாவது கொடுங்கள் என்கிறோம். போஸ்டரில் இருந்த கருப்பு, படத்திலும் கொஞ்சம் இருந்தால் போதும்.

*

2024 நவம்பர் 10-ம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். நாலே நாளில் 'கங்குவா' ரிலீஸ். படம் பார்த்துவிட்டு, காதைக் குடைந்துகொண்டே வீடு திரும்பினேன். பெரியம்மா வீட்டில் விளக்கு எரிந்தது. இப்போது வயது எழுபதுக்கு மேல். கம்பெனியை விட்டு ரொம்ப வருஷமாயிற்று. விரலில் வெள்ளி போய்விட்டது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். பேரனின் செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்து, யூடியூபில் 'விடாது கருப்பு' பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு.

"முடிவுதான் தெரியுமே பெரியம்மா, இன்னும் என்ன?" என்றேன்.

"தெரிஞ்சாத்தாம்யா தைரியமா பாக்கலாம்" என்றவர், செல்லை என் பக்கம் நீட்டினார்.

"சத்தத்த ரெண்டு பாயிண்டு கூட்டி வையி. குதிர வரப்போவுது."